வெறுங்காலுக்கு 600 வெள்ளியா?

காலில் எதுவுமே போடாத மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் அந்தச் சப்பாத்தை விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் 500, 600 வெள்ளி. சில ஜோடிகள் அதற்கும் மேலே. "எதுவுமே போடாம இருக்க எதுக்கு இவ்வளவு காசு?" என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. எளிமையைக் கடையில் வாங்க முடியுமா? வாங்கினால் அது எளிமைதானா? நம் வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு முன்னால் வெறுங்கால் என்றால் என்ன அர்த்தம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் அந்தச் சப்பாத்து எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஓட்டச் சப்பாத்தில் குதிகால் பக்கம் விரல் பக்கத்தைவிட 10, 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அடியில் தடித்த பஞ்சு. முன்பக்கம் கூம்பி, விரல்களை ஒன்றோடொன்று நெருக்கும். 'பேர்ஃபுட் ஷூ' என்று நண்பர்கள் சொல்வதில் இவை எல்லாம் தலைகீழ். குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் இருக்கும். அடித்தோல் மெலிசு, கையால் சுருட்டிவிடலாம். முன்பக்கம் அகலம், விரல்கள் விரியும். பாதத்தின் வளைவுக்கு முட்டுக்கொடுக்கிற மேடு கிடையாது. சில வகையில் கையுறை மாதிரி ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை இருக்கும். பார்க்கத் தவளைக் கால் மாதிரிதான் தெரியும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உள்ளங்கால் முழுக்க நரம்பு நுனிகள். தரை சரிவா, ஈரமா, கல்லா என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. தடித்த பஞ்சு அந்தச் சேதியை அடக்கிவிடுகிறது. பஞ்சு இருக்கிற தைரியத்தில் குதிகாலைத் தொப்பென்று போட்டு ஓடுகிறோம். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் அப்படி ஓடிப் பாருங்கள், நாலாவது அடியில் வலி கொன்றுவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கால் முன்பாதத்தில் இறங்கும், அடி சின்னதாகும், சத்தம் குறையும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மனும் அவர் குழுவினரும் 2010-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டக்காரர்களைப் பார்த்து, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள் என்றும், தரையின் திடீர் இடி அவர்களுக்குக் குறைவு என்றும் காட்டினார்கள். காயங்கள் குறையும் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. குறையக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' புத்தகம் வந்து, மெக்ஸிகோ மலைகளில் மெல்லிய செருப்போடு நெடுந்தூரம் ஓடும் ராராமுரி மக்களை உலகத்துக்குக் காட்டியது. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய அலையாகிவிட்டன.

அலை வந்தால் கடை வரும். கடை வந்தால் வாக்குறுதி வரும். கால் தசை பலப்படும், காயம் குறையும் என்று விளம்பரம் செய்த வைப்ரம் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014-ல் அந்த நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது. சப்பாத்து கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சொன்னதற்குப் போதிய ஆதாரம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் நாம் அடிக்கடி சறுக்குகிற இடம் வருகிறது. "இயற்கையானது, அதனால நல்லது" என்கிற வாதம். நம் பிள்ளைகளிடம் இது சுலபமாக எடுபடும். "நம்ம முன்னோர் அப்படித்தான் நடந்தாங்க" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கேள்வியே வராது. கால் இயற்கையானது, சரி. நாம் நடக்கிற தார்ச்சாலையும் கண்ணாடித் துண்டும் எந்த இயற்கை? 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். அந்தப் படத்தை வெறுங்கால் அன்பர்கள் எல்லாரும் காட்டுவார்கள். நாலு வருஷம் கழித்துத் தோக்கியோவில் அதே மனிதர் சப்பாத்துப் போட்டு ஓடி, முந்தையதைவிட மூன்று நிமிடம் வேகமாக, மறுபடியும் தங்கம் வாங்கினார். அந்தப் படத்தைக் காட்டுகிறவர்கள் குறைவு. ரோமில் அவருக்குச் சரியாகப் பொருந்தும் சப்பாத்து அமையவில்லை, பழகிய வெறுங்கால் மேல் என்று முடிவெடுத்தார். தோக்கியோவில் நல்ல சப்பாத்து இருந்தது, போட்டுக்கொண்டார். அவருக்கு அது கொள்கை கிடையாது. அன்றைக்கு அந்தக் காலுக்கு எது சரி என்பதுதான் கணக்கு.

நம் நாட்டுக் காட்டுப் பாதைகளில் இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. வார இறுதியில் மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், 'கம்போங் அடிடாஸ்'. அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து, அடியில் பந்து விளையாட்டுச் சப்பாத்து மாதிரி முண்டு முண்டாக இருக்கும். பஞ்சு கிடையாது, மேடு கிடையாது. பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஊர்க் கடையில் தொங்கும். பால் மரம் வெட்டுகிறவர்களும் காட்டு வழிகாட்டிகளும் போட்டுப் பழகியது. மழைச் சேற்றில் விலை உயர்ந்த சப்பாத்து வழுக்குகிற இடத்தில் இது பிடித்து நிற்கும். ஓட்டப் பந்தயங்களிலும் இதைப் போட்டு ஓடுகிறவர்கள் உண்டு. விரலுக்கு அவ்வளவு இடம் கிடையாது, கால் வேகும், அது வேறு விஷயம். ஆனால் 'மினிமலிஸ்ட்' என்ற சொல் கடைக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அந்தச் சரக்கு நம் ஊரில் இருந்தது, யாரும் அதற்குத் தத்துவம் எழுதவில்லை.

எழுதாததற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் பெரியம்மா, வெறுங்கால் சப்பாத்தின் விலையைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "சப்பாத்து வாங்க வக்கில்லாமத்தான் நாங்க வெறுங்காலோட நடந்தோம். நீங்க காசு குடுத்து வெறுங்காலா நடக்கப் போறீங்களாய்யா?" அதில் கேலி பாதி. மீதிப் பாதி கேலி இல்லை.

அந்த மீதிப் பாதி என்ன என்று நம் தலைமுறை கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விடியுமுன் பால் மரம் வெட்டப் போனவர்களில் பலர் வெறுங்காலோடு போனார்கள். ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு உள்ளங்கால் தோல் வழியாகவே உடம்புக்குள் போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். தோட்டங்களில் ரத்தசோகைக்கு அது ஒரு பெரிய காரணம். கக்கூஸ் வசதியும் ஒரு ஜோடி சப்பாத்தும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் அது. அவர்கள் வெட்டிய பாலில் உலகத்தின் சக்கரங்கள் ஓடின, அந்த ரப்பரில் யார் யாருக்கோ சப்பாத்துக்கு அடி போட்டார்கள்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல நாம் தயங்குகிறோம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களில் கணிசமானவர்கள் அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். இங்கே வந்த பிறகும் உடம்பால் பணிந்து காட்டச் சொன்னார்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் முதல் பிள்ளை சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலை என்ன மாதிரி இருந்திருக்கும்? அந்தச் சப்பாத்தை வெறும் பஞ்சும் பசையும் என்று கணக்கிட முடியுமா? நம் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமையில்கூடச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அதே நேரம், வெறுங்காலை நாம் கும்பிடுகிற இடமும் இருக்கிறதே. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். தைப்பூசத்துக்குத் தலைநகரிலிருந்து வெள்ளி ரதத்தோடு இரவெல்லாம் வெறுங்காலில் நடந்து பத்துமலை போகிறவர்கள் இருக்கிறார்கள். தார் சூடேறிய மத்தியானத்தில் காவடியோடு 272 படி ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் நாலு ஜோடி சப்பாத்து வைத்திருப்பவர்கள். பெரியம்மாவும் போனவர்தான். தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்ததை அவர் கஷ்டம் என்று சொல்வார், பத்துமலைக்கு வெறுங்காலோடு நடந்ததை நேர்த்தி என்று சொல்வார். கால் ஒன்றுதான், மண்ணும் கல்லும் ஒன்றுதான்.

ஆகவே வெறுங்காலில் தனியாக ஒரு புண்ணியமும் ஒட்டிக்கொண்டு இல்லை. கழற்ற ஒன்றும் இல்லாதவன் கால், கழற்றச் சொல்லி அடிக்கப்பட்டவன் கால், தானாகக் கழற்றியவன் கால் என்று மூன்று இருக்கின்றன. மூன்றாவதை மட்டும்தான் துறவு என்று சொல்ல முடியும். முதல் இரண்டையும் எளிமை என்று புகழ்ந்தால், அது புகழ்ச்சி வேஷம் போட்ட கொடுமை. "அந்தக் காலத்து ஆளுங்க எவ்வளவு எளிமையா இருந்தாங்க, எவ்வளவு ஆரோக்கியம்" என்று நம் கூட்டங்களில் பேசுகிறவர்கள் கொக்கிப்புழுவையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

சமயமும் இதில் நம்மைவிடத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. கண்ணப்ப நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதில் செருப்பு வருகிற இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். வேடர் அவர். லிங்கத்தின் மேல் முன்பு சாத்தியிருந்த பூவையும் இலையையும் செருப்புக் காலாலேயே ஒதுக்கினார், இரண்டு கையும் வாயும் நிறைந்திருந்ததால். கடைசியில் தன் கண்ணைத் தோண்டி அப்பும்போது இடம் தெரிவதற்காக இறைவன் கண்ணிலேயே காலை ஊன்றினார். அவருக்கு முத்தி கிடைத்ததாகத்தான் கதை. கோயில் வாசலில் இனிமேல் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை! காலில் என்ன இருந்தது என்பதை வைத்து அந்தக் கதை அவரை அளக்கவில்லை, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சரி, தானாகக் கழற்றியது மூன்றாவது வகை என்றால், 600 வெள்ளி கொடுத்து வாங்குகிறவனும் தானாகத்தானே வாங்குகிறான், அதுவும் துறவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விருப்பம் மட்டும் போதாது. விருப்பப்பட்டு எட்டுக் கைப்பேசி வாங்குகிறவர்களும் உண்டு. யோக நூல்கள் அபரிக்கிரகம் என்று ஒன்றைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் பற்றிச் சேர்க்காமை. அதை ஒரு சப்பாத்தின் மேல் வைத்துப் பார்க்க முடியும். இந்த ஜோடி வந்த பிறகு எனக்குத் தேவைப்படுகிற பொருள்களின் எண்ணிக்கை குறைந்ததா, கூடியதா? நடைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, சாட்டை மாதிரி கயிறு கட்டுகிற செருப்பு ஒன்று என்று ஏழு ஜோடி 'எளிமை' வைத்திருப்பவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், வேகமாகவும் ஓடுவார். ஆனால் அவர் சேர்ப்பது சப்பாத்து. எளிமை என்ற பெயர் அந்தப் பெட்டிமேல் மட்டும்தான் அச்சடித்திருக்கிறது. இன்னொருவர் ஒரே ஜோடியை வேலைக்கும் மலைக்கும் மூன்று வருஷமாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கொடுத்த விலையும் அதே 500 சொச்சம்தான். விலையை மட்டும் பார்த்தால் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிது. மெல்லிய அடித்தோல் நம்மை அவசரப்பட விடாது. புக்கிட் காசிங்கிலோ புக்கிட் கியாராவிலோ தடித்த சப்பாத்தோடு ஓடும்போது காதில் பாட்டு, மனசு அலுவலகத்தில், கால் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மெல்லிய சப்பாத்தோடு அது நடக்காது. வேர் எங்கே, கூர்க்கல் எங்கே, செம்மண் எங்கே வழுக்கும் என்று ஒவ்வொரு அடிக்கும் பார்த்தாக வேண்டும். கண்ணும் காலும் ஒன்றாகப் போகும். தியானத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மனசை நிறுத்தத் திணறுகிற என்னைப் போன்றவர்களுக்கு, அரை மணி நேரம் வேறு நினைப்பே இல்லாமல் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. வெறுங்காலோடு நேர்த்திக்கு நடந்தவர்கள் இதை வேறு வார்த்தையில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். சூடான தாரில் கால் வைக்கிறவன் எங்கே கால் வைக்கிறோம் என்பதை மறக்க முடியாது.

அப்படியென்றால் முழுக்கவே வெறுங்காலோடு ஓடிவிடலாமே என்றால், நம் காடுகளில் வேண்டாம். பிரம்பு முள், உடைந்த போத்தல், அட்டை, எலிச் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரால் வரும் காய்ச்சல் எல்லாம் இருக்கிறது. காலில் சின்ன வெட்டு இருந்தாலும் அந்தக் கிருமி உள்ளே போகும். முன்னோர் பட்டதைத் திரும்பப் பட்டுக் காட்டுவது அவர்களுக்கு மரியாதை ஆகாது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இந்த விளையாட்டுக்கே வரக்கூடாது, குறைந்தது மருத்துவரிடம் காட்டாமல். நம் சமூகத்தில் அந்த நோய் எவ்வளவு என்று உங்கள் வீட்டிலேயே தெரியும். உள்ளங்கால் உணர்ச்சி குறைந்திருந்தால், மெல்லிய அடித்தோல் சொல்கிற சேதியைக் கேட்க அங்கே ஆள் இல்லை. ஆணி ஏறினாலும் வீட்டுக்கு வந்து இரத்தம் பார்த்துத்தான் தெரியும். அப்பா அம்மாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

மற்றவர்களுக்கும் அவசரம் ஆகாது. வருஷக்கணக்காக உயர்ந்த குதிகாலில் நின்று கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாணும் சுருங்கியிருக்கும். புதுச் சப்பாத்தோடு முதல் வாரமே பத்துக் கிலோமீட்டர் ஓடினால் அவை கிழியும், பாத எலும்பில் மயிரிழை முறிவும் வரலாம். முதல் சில வாரம் கடைக்குப் போக, வேலைக்குப் போக என்று நடைக்கு மட்டும் போடுங்கள். பிறகு ஓட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சதை வலித்தால் ஒரு நாள் விடுங்கள், எலும்பு வலித்தால் நிறுத்துங்கள். ஒரு வசதி நமக்கு உண்டு: வீட்டுக்குள் செருப்புப் போடாத மக்கள் நாம். வீட்டிலும் கோயிலிலும் பாதி நாள் ஏற்கனவே வெறுங்கால்தான். அதனால் நம் கால் புதிதாகக் கற்க வேண்டியது அவ்வளவு அதிகம் இல்லை.

வாங்குவதாக இருந்தால், சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். காட்டுப் பாதைக்கு என்றால் அடியில் முண்டுகள் ஆழமாக, சேறு ஒட்டாத அளவுக்கு இடைவெளிவிட்டு இருக்க வேண்டும். தார்ச்சாலைக்கு அது தேவையில்லை. தோலில் செய்ததும் உண்டு, செயற்கைத் துணியில் செய்ததும் உண்டு, மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்கள் கேட்டு வாங்குங்கள். 600 வெள்ளி கையில் இல்லையென்றால் கம்போங் அடிடாஸ் இருக்கிறது, அகலமான முன்பக்கம் உள்ள சாதாரண மெல்லிய கேன்வாஸ் சப்பாத்தும் இருக்கிறது. கடைக்காரர் எதைச் சொன்னாலும், சப்பாத்துக்குள் இருக்கும் உள்தாளை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள். விரல் எதுவும் தாளுக்கு வெளியே வழிந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.